சேகருக்கு, மூன்று இலக்கச் சாலைகள் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூட வைத்திருந்த பட்டியலும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலை நடை தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

பட்டியலை இரண்டு தடவை ஊன்றிப் படித்தேன். அமெரிக்காவின் மூன்று இலக்க இன்டர்ஸ்டேட் சாலைகளை (ஐ-95 போன்ற தேசிய விரைவுச்சாலையான தாய்ச்சாலையின் துணைச்சாலைகள், எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தாயுடையது) ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, லாஸ் ஏஞ்சலிஸின் 405-ஐ முதலில் வைத்திருக்கிறாய். அந்த எண்ணிக்கை சரிதான். நெரிசலான இடங்களில் 405-இல் நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் வண்டிகளுக்கு மேல் ஓடியதாகக் கணக்கு இருக்கிறது. ஆனால் "இதுவே மிக முக்கியமானது" என்று நீ முடித்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சாலை எத்தனை பேரைச் சுமக்கிறது என்பதைவிட, அது நாளைக்கே இல்லாமல் போனால் யாருக்கு வேறு வழி கிடையாது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பால்டிமோரை எடுத்துக்கொள். நகரைச் சுற்றும் 695-இன் தென்கிழக்குப் பகுதி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் மேல் ஓடியது. 1977-இல் திறந்த பாலம். ஒரு நாளைக்கு 30 ஆயிரத்துக்குச் சற்று மேல்தான் வண்டிகள். உன் பட்டியலில் அந்தப் பகுதி எங்கோ அடியில் கிடக்கும். 2024 மார்ச் 26 அதிகாலை, மின்சாரம் இழந்த 'டாலி' என்ற சரக்குக் கப்பல் தூணில் மோதிப் பாலம் விழுந்தது. மேலே குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கப்பலிலிருந்து வந்த எச்சரிக்கையைக் கேட்டுப் போலீசார் இரு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தியிருக்காவிட்டால் இன்னும் பல உயிர்கள் போயிருக்கும்.

துறைமுகத்தைக் கடக்க வேறு இரண்டு வழிகள் இருந்தன: ஐ-95-இன் மெக்ஹென்றி கோட்டைச் சுரங்கப்பாதை, 895-இன் துறைமுகச் சுரங்கப்பாதை. கார்காரர்கள் அவற்றுக்கு மாறிக்கொண்டார்கள். தினமும் கூடுதல் நேரம் போனது, ஆனால் வழி இருந்தது. பெட்ரோல் டேங்கருக்கு அந்த வழி கிடையாது. மொத்தமாக எடுத்துப்போகும் பெட்ரோல், வெடிபொருள், அளவு மீறிய புரொபேன் எதையும் சுரங்கத்துக்குள் விட மாட்டார்கள், ஏனென்றால் மூடிய குழாய்க்குள் தீப்பிடித்தால் தப்பிக்க இடம் இல்லை. போதாததற்கு உயரக் கட்டுப்பாடு வேறு. துறைமுகச் சுரங்கத்தில் 13 அடி 6 அங்குலத்துக்கு மேல் போக முடியாது, மெக்ஹென்றியில் 14 அடி 6 அங்குலம். அகலத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே கர்டிஸ் பே பக்கமிருந்து எதிர்க்கரையில் தெரிகிற டண்டாக்குக்குப் போக வேண்டிய டேங்கர், 695-இன் மேற்கு, வடக்குப் பகுதிகள் வழியாக நகரையே வலம் வர வேண்டியதாயிற்று. முழு வட்டமே ஐம்பது மைலுக்குச் சற்று மேல்தான். அதில் பெரும்பகுதியைச் சுற்றிய பிறகுதான் எதிர்க்கரை.

அந்த 30 ஆயிரத்துக்குள் இந்த வண்டிகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்காமல் பாலத்தின் மதிப்பைச் சொல்ல முடியாது. புதிய பாலத்தை 2028 இறுதிக்குள் 170 முதல் 190 கோடி டாலரில் முடிப்பதாக முதலில் சொன்னார்கள். 2025 நவம்பரில் அதை 2030 இறுதி, 430 முதல் 520 கோடி என்று மாற்றினார்கள். அவ்வளவு கொடுத்தும் கட்டுகிறார்கள் என்பதிலேயே அதன் முக்கியத்துவம் தெரிகிறது. இன்னொன்று: பலகைகளில் இன்டர்ஸ்டேட் சின்னம் இருந்தாலும், பாலம் இருந்த பகுதி மாநில ஆவணங்களில் 'மேரிலாந்து 695' என்ற மாநிலச் சாலைதான். சின்னத்தை வைத்து மட்டும் கணக்கெடுத்தால் இப்படிப்பட்ட இடங்களில் ஏமாந்துபோவாய்.

எண்ணிக்கையிலேயே உள்ள சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நீ எடுத்திருப்பது ஆண்டுச் சராசரி நாள் போக்குவரத்து. ஆண்டு முழுதும் எண்ணும் நிலையங்கள் சில இடங்களில்தான் உண்டு. மற்ற இடங்களில் ஓரிரு நாள் எண்ணி, மாதத்துக்கும் கிழமைக்கும் ஏற்ற காரணியால் பெருக்கி ஆண்டுச் சராசரி ஆக்குகிறார்கள். அதோடு, இது ஒரு புள்ளியின் கணக்கு. 405-இன் உச்சப் புள்ளியை எடுத்து அதன் 72 மைலுக்கும் பொருத்துவது தவறு. ஒவ்வொரு துண்டின் எண்ணிக்கையையும் அந்தத் துண்டின் நீளத்தால் பெருக்கிக் கூட்டினால்தான் சாலையின் மொத்த உழைப்பு தெரியும். தவிர, ஒரு லேன் மணிக்கு ஏறத்தாழ 2,400 கார்களுக்கு மேல் தாங்காது. அதைத் தாண்டிக் கூட்டம் சேர்ந்தால் வண்டிகள் ஊர்ந்து, கருவியில் பதிவாகும் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். மாலை ஐந்து மணி நெரிசலில் பதிவாவது பிற்பகல் இரண்டு மணியைவிடக் குறைவாக இருந்தால், தேவை குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதே.

லாரிகளைத் தனியாகப் பிரி. வாகனங்களை 13 வகையாகப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். 8 முதல் 13 வரையுள்ள வகைகள் டிரெய்லர் இழுக்கும் லாரிகள். கொள்ளளவுக் கணக்கில் சமதரையில் ஒரு கன லாரியை இரண்டு காருக்குச் சமமாக வைப்பார்கள், ஏற்ற இறக்கமான தரையில் மூன்று.

405-இன் விஷயத்துக்கு வருகிறேன். செபுல்வேடா கணவாயில் வடக்கு நோக்கி ஒரு கார்பூல் லேன் (ஒன்றுக்கு மேற்பட்டவர் போகும் கார்களுக்கானது) சேர்க்க 100 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தார்கள். அதற்காக முல்ஹாலண்ட் பாலத்தின் ஒரு பாதியை இடிக்க 2011 ஜூலையில் ஒரு வார இறுதி முழுதும் பத்து மைல் சாலையை மூடினார்கள். நகரமே திணறும் என்று எல்லோரும் பயந்தார்கள். மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வேலையும் முன்கூட்டியே முடிந்து, ஞாயிறு மதியத்துக்குள் சாலை திறந்தது. அந்தப் பயணங்களில் எத்தனையோ தள்ளிப்போடக்கூடியவை என்பது அன்று தெரிந்தது. விமான நிலையம், மேற்குக் கரையோர வேலையிடங்கள் எல்லாம் அதன் ஓரத்தில்தான் இருக்கின்றன, அதனால் 405-ஐ நான் அற்பமாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் மூன்றரை லட்சத்தையும் பால்டிமோர் பாலத்தின் 30 ஆயிரத்தையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

என்னைக் கேட்டால் முதலிடம் வாஷிங்டனைச் சுற்றும் 495-க்கு. 64 மைல் வட்டம், 1964 ஆகஸ்டில் முழுமையானது. உள்ளூர்க்காரர்கள் 'பெல்ட்வே' என்றே சொல்வார்கள். மியாமியிலிருந்து மெய்ன் வரை போகும் ஐ-95 வாஷிங்டன் நகருக்குள் புகுந்து வெளியேற வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். வீடுகளை இழக்கவிருந்த நகர மக்கள் எதிர்த்தார்கள். நகருக்குள் போக வேண்டிய அந்தத் துண்டு கைவிடப்பட்டது. 1977-இல் ஐ-95 என்ற எண்ணை வட்டத்தின் கிழக்குப் பாதிக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து கிழக்குக் கடற்கரையின் தாய்ச்சாலையை ஒரு துணைச்சாலை தோளில் தாங்குகிறது. வேலைக்குப் போகிறவரும், ஃபுளோரிடாவிலிருந்து காய்கறி ஏற்றி வருகிறவரும் ஒரே லேனில்.

அதன் விலையை, 495 பொடோமாக் ஆற்றைக் கடக்கும் உட்ரோ வில்சன் பாலம் கொடுத்தது. 1961-இல் திறந்தபோது நாளைக்கு 75 ஆயிரம் வண்டிகளுக்கென்று வடிவமைத்த ஆறு லேன் தூக்குப்பாலம். தொண்ணூறுகளின் இறுதியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஓடியது. எட்டு லேனாக வரும் சாலை அங்கே ஆறாகச் சுருங்கும். பழுதான வண்டியை ஒதுக்கி நிறுத்த ஓரமும் கிடையாது. கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கினால் ஐ-95-ஏ நின்றுபோகும். 2006-இலும் 2008-இலும் திறந்த இரட்டைப் பாலங்களில் மொத்தம் 12 லேன். உயரத்தையும் கூட்டியதால் தூக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. அதை இன்னும் உயர்த்தி, தூக்கவே வேண்டாத பாலமாகக் கட்டியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அணுகுசாலையின் சரிவும் கரையோர ஊரான அலெக்சாண்ட்ரியாவின் பழைய தெருக்களும் அதற்கு இடம் தரவில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவதாக அட்லாண்டாவின் 285-ஐ வைப்பேன். 64 மைல், 1969-இல் முடிந்தது. ஐ-20, ஐ-75, ஐ-85 மூன்றும் நகர மையத்தைத் தொட்டுப் போகின்றன. ஆனால் நகருக்குள் வேலையில்லாத, ஆறு சக்கரத்துக்கு மேற்பட்ட லாரிகள் உள்ளே நுழையக் கூடாது, 285-ஐத்தான் சுற்றிப் போக வேண்டும். அதாவது சட்டமே அதை மூன்று தாய்ச்சாலைகளின் சரக்குப் பாதையாக ஆக்கியிருக்கிறது.

சட்டம் ஒரு சாலையின் முக்கியத்துவத்தை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இருக்கிறது. 580, 880 இரண்டும் ஐ-80-இன் பிள்ளைகள், நகரில் கிட்டத்தட்ட இணையாக ஓடுகின்றன. ஓக்லண்டிலிருந்து சான் லியாண்ட்ரோ எல்லை வரை 580-இல் நாலரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத் தடை. எனவே துறைமுகத்துச் சரக்கு முழுதும் 880-இல் போகிறது. 880 ஓடும் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர்கள் அந்த டீசல் புகையைச் சுவாசிக்கிறார்கள், 580 ஓடும் மேட்டுப்பகுதிக்கு அது இல்லை. மொத்த வண்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் 880-இன் இரட்டை அடுக்கு சைப்ரஸ் மேம்பாலம் சரிந்து 42 பேர் இறந்தார்கள். பழைய தடத்தில் மறுபடி கட்டக் கூடாது என்று மேற்கு ஓக்லண்ட் மக்கள் உறுதியாக நின்றார்கள். ரயில் முற்றங்களை ஒட்டி வளைத்துக் கட்டிய புதுத் தடம் 1997-இல் திறந்தது. எட்டு ஆண்டுத் தாமதம், பெரும் செலவு. ஆனாலும் அவர்கள் கேட்டது நியாயம்.

இணைப்புகளைப் பார்த்தால் பென்சில்வேனியாவின் 476-ஐயும் சேர்க்க வேண்டும்: 132 மைல், துணைச்சாலைகளில் மிக நீளமானது, ஐ-95-ஐ ஐ-81-ஓடு கோக்கிறது. தென்பகுதியை வழக்குகளுக்குப் பிறகு நான்கு லேனோடு நிறுத்தினார்கள். இன்றைக்கும் நெரிசல் அங்கேதான்.

எண்ணின் முதல் இலக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரட்டைப்படை என்றால் இரு முனையும் இன்டர்ஸ்டேட்டில் சேரும் வட்டமோ புறவழியோ. ஒற்றைப்படை என்றால் ஒரு முனை மட்டும் சேரும் கிளை. விதி இது, நம்பிவிடாதே. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் 495 (எண் ஒன்றுதான், வாஷிங்டன் வட்டம் வேறு) கிழக்கில் எந்த இன்டர்ஸ்டேட்டிலும் சேராமல் முடிகிறது. கலிஃபோர்னியாவின் 238-க்குத் தாயே இல்லை, ஐ-38 என்று ஒரு சாலை கிடையாது. 580-ஐயும் 880-ஐயும் இணைப்பதால் அதற்கு 80-இல் முடியும் எண் வேண்டும், அவை அந்த மாநிலத்தில் தீர்ந்துபோனதால் இருந்த மாநிலச் சாலையின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள்.

எடுத்துவிட்டாலும் பாதகமில்லாத சாலைகளும் உண்டு. டெட்ராய்ட்டின் 375 ஒரு மைல்தான். பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பினக் குடியிருப்புகளை இடித்து அமைத்து 1964-இல் திறந்தார்கள். அதைச் சாதாரண அகலச் சாலையாக மாற்ற 2022-இல் மத்திய அரசு 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. நியூயார்க் மாநிலத்தின் சைரக்யூஸில் இதற்கு நேர்மாறு: நகர நடுவே போகும் ஐ-81 மேம்பாலத்தை எடுத்துவிட்டு, புறத்தே சுற்றும் 481-க்கே ஐ-81 என்ற எண்ணைக் கொடுக்கும் வேலை 2023-இல் தொடங்கிவிட்டது. பிள்ளை தாயின் இடத்துக்கு வருகிறது.

உன் பட்டியலில் வர்ஜீனியாவின் 664 விட்டுப்போயிருக்கிறது. ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பை ஐ-64 கடக்கும் பழைய சுரங்கம் 1957-இல் கட்டியது. அதன் மேற்கு நோக்கிய குழாயில் 13 அடி 6 அங்குலத்துக்கு மேற்பட்ட லாரி போகாது. உயரம் மீறி வருகிறவரை நிறுத்தித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் பின்னால் மைல் கணக்கில் வரிசை நிற்கும். 1992-இல் திறந்த 664-இன் சுரங்கத்தில் இன்னும் ஓர் அடி கூடுதல் உயரம் இருக்கிறது. அடுத்த தடவை பட்டியல் போடும்போது லாரி விழுக்காட்டுக்கு ஒரு பத்தி, உயரம்-அகலம்-ஆபத்துச் சரக்குத் தடைகளுக்கு ஒரு பத்தி, மாற்றுவழியின் கூடுதல் மைலுக்கு ஒரு பத்தி சேர்த்து, 664-இலிருந்தே தொடங்கு. போட்டதும் அனுப்பி வை, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கதிர்