ரைஃபிள் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஒஹாயோ மாநிலம் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசியப் போட்டிகளுக்கு நம்மவர்கள் இந்தக் கோடையிலும் போய் வந்தார்கள். சுடுதளத்தின் மண்மேடு உயர்த்தப்பட்டது.

செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது, வீட்டில் நிரப்பும் தோட்டாக்களைப் பற்றித்தான். இளவேனிலில் சங்கத்துக்கென, குண்டின் வேகத்தை அளக்கும் ராடார் க்ரோனோகிராஃப் ஒன்று வாங்கினோம். சில நாட்களிலேயே அது தன் வேலையைக் காட்டியது. உறுப்பினர் ஒருவர் .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவில் 168 கிரெயின் எடையுள்ள குண்டு வைத்து நிரப்பி வந்திருந்தார். வெடிமருந்தின் அளவு, தோட்டா நிரப்பும் கையேடு தரும் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே. குழலும் கையேட்டில் உள்ளதுபோல் 24 அங்குலமே. ஆனால் உச்ச அளவுக்குக் கையேடு தரும் வேகத்தைவிட வினாடிக்கு 80 அடி கூடுதலாகப் பதிவானது. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகவில்லை, அறையை மூடும் போல்ட்டும் இலகுவாகத் திறந்தது; அழுத்தம் மிகுந்ததற்கு வழக்கமாகப் பார்க்கும் அடையாளம் எதுவும் இல்லை. அவருக்கு மகிழ்ச்சி. தளப் பொறுப்பாளரோ உடனே நிறுத்தச் சொன்னார். அவர் செய்ததே சரி. அதே மருந்து, அதே குண்டு, அதே குழல் என்றிருக்க வேகம் மட்டும் ஏறினால், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பிறகு பார்த்தபோது, அந்த உறுப்பினர் எடுத்தவை பழைய ராணுவத் தோட்டாக்களின் கூடுகள். சுவர் தடித்தவை, உள்ளே இடம் குறைவு, அதனால் அழுத்தம் கூடும்.

.308க்கு அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. ப்ரைமரைப் பார்த்தே ஆபத்தைக் கண்டுகொள்ளலாம் என்று நம்மில் பலர் இன்னமும் நம்புகிறோம். அந்த அடையாளம் கண்ணில் படுவதற்குள் பல சமயம் வரம்பு கடந்துபோயிருக்கும்.

க்ரோனோகிராஃபும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சுடும்போது வரும் வாயுவால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் எம்1 கேரண்ட் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெதுவாக எரியும் மருந்தை இட்டால் வேகமும் அறை அழுத்தமும் வரம்புக்குள் இருக்கும்போதே குழலிலிருந்து வாயுவை எடுக்கும் வாயுத் துளையில் அழுத்தம் மிகுந்து, போல்ட்டை இயக்கும் ஆபரேட்டிங் ராட் வளையலாம். கேரண்டுக்கென்றே கையேடுகள் தரும் அளவுகளைத் தாண்ட வேண்டாம்.

செயற்குழு முடிவு இது: புதிய கலவை எதுவானாலும் உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கி, படிப்படியாக, க்ரோனோகிராஃப் முன்னால் சுட்ட பிறகே போட்டிக்கு வர வேண்டும். கூடு, ப்ரைமர், குண்டு, மருந்தின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் மறுபடி கீழிருந்தே தொடங்க வேண்டும். குளிரில் சோதித்த கலவையைக் கோடையில் இன்னொரு முறை பாருங்கள். சூடேறிய மருந்து அழுத்தத்தைக் கூட்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். தராசைச் சோதிக்கும் எடைக்கற்கள் அலுவலகத்தில் உள்ளன, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அழுத்தத்தை நேரடியாக அளக்க, குழலின் அறைப்பகுதி மேல் ஒட்டி, உலோகம் விரிவதை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் தொகுப்பு ஒன்று வாங்கும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை நிறைவேற்றித் தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்