கிளினிக் கொப்பியில் திகதி போட்டுத் தந்த மிஸ்ஸுக்கு

யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் சிறையிலிருந்து விடுதலை என்றாலே எங்களுக்கு வயிறு கலங்கும். திங்கள் வரை கிளினிக் இல்லை. வெளியே வரும் பெடியனிடம் இருப்பது கொஞ்சக் காசும் பழைய நம்பர்களும்தான். மாதக்கணக்கில் உள்ளே ஹெரோயின் இல்லாத உடம்பு தாங்குசக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் 2 கிழமைதான் மிக ஆபத்தானது.

மிஸ், அந்த வெள்ளிக்கிழமை உங்களை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வெளிக்கிட்டு நின்ற நீங்கள் பையை வைத்துவிட்டு, புதுக் கொப்பியில் திங்கள் திகதியும் அறை இலக்கமும் எழுதினீங்கள். சிறையிலிருந்து துண்டு கொண்டுவரவில்லையென்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. (அந்தத் துண்டு எத்தனை பேரைத் திருப்பியிருக்கு!) பிறகு பெடியனின் தாயைத் தனியே கூப்பிட்டு, "குறட்டை மாதிரிச் சத்தம், நீலம் பாரித்த உதடு, ஊசிமுனை போலக் கண்மணி. கண்டால் நித்திரையெண்டு விடாதேங்கோ அம்மா. சரிச்சுப் படுக்க வைச்சு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றீங்கள். வாங்கிலேயே சரித்தும் காட்டினீங்கள். சாராயமும் நித்திரைக் குளிசையும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றதையும் விடவில்லை.

திங்கள் 7.40க்கே கொப்பியோடு அவன் அதே வாங்கில் இருந்தான். உங்கள் பெயரைத்தான் கேட்க மறந்துபோனம். நன்றி மிஸ்.