கடை பூட்டுற நேரம் மாறுது, ஏன் எண்டு உங்களுக்குச் சொல்லவேணும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

வாற திங்கட்கிழமையில இருந்து, இங்கிலாந்தில ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில டிட்கொட் ஊரில இருக்கிற எங்கட பலசரக்குக் கடை இரவு 8 மணிக்குப் பூட்டுப்படும். இவ்வளவு நாளும் 10 மணி வரைக்கும் திறந்திருந்தது, வேலை முடிஞ்சு ரெயினால இறங்கி நேர வாற ஆக்களுக்கு இது கஷ்டம் எண்டு தெரியும், அதால 7 மணிக்கு முதல் போனிலயோ வட்ஸ்அப்பிலயோ சொன்னா சாமானைப் பெட்டியில கட்டி வைச்சு வீட்டை கொண்டுவந்து தருவம், டிட்கொட்டுக்குள்ள எங்க எண்டாலும் டெலிவரிக்குக் காசில்லை. மற்றது நெய் ரின், முந்திரிப்பருப்பு, ஏலக்காய், குழந்தைப்பிள்ளைப் பால்மா, போத்தல் வகை, சமையல் கத்தி இதெல்லாம் இனி கவுண்டருக்குப் பின்னால இருக்கும், கேட்டவுடன எடுத்துத் தருவம். உங்கள்ல சந்தேகப்பட்டுச் செய்யிற வேலை இல்லை இது, தயவுசெய்து அப்பிடி மட்டும் நினைக்காதேங்கோ.

நடந்தது என்னெண்டா, போன செவ்வாய் இரவு ஒன்பதரை மணி போல ரெண்டு பேர் வந்து பையை விரிச்சு நெய்யும் போத்தலுமா அள்ளிப் போட்டவை. கவுண்டரில நிண்ட தம்பி, உங்களுக்குத் தெரியும், படிச்சுக்கொண்டு பகுதிநேரமா வேலை செய்யிறவன், வாசலில போய் நிண்டு மறிச்சிருக்கிறான், தள்ளி விழுத்திப்போட்டுப் போட்டினம். கை முழங்கையில காயம், எலும்புக்கு ஒண்டும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. கத்தி இல்லை, ரத்தவெள்ளம் இல்லை. ஆனா அடுத்தநாள் காலமை வட்ஸ்அப் குறூப்பில பாத்தா கத்தியோட நாலு பேர் வந்ததாம், பெடியன் ஆஸ்பத்திரியில ஐசியூவில கிடக்கிறானாம். அவன்ர அம்மா ஊரில இருந்து அழுதுகொண்டு போன் எடுத்தவ. அனுப்பின ஆக்களும் அக்கறையிலதான் அனுப்பியிருப்பினம், எண்டாலும் அந்த அம்மா அழுததைக் கேட்ட எங்களுக்கு இதை எழுதாமல் இருக்க மனம் வரேல்லை.

அதோட சேர்த்து நாலைஞ்சு குடும்பம் கடைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டுப்போட்டினம், "அண்ணை, ஊர் பழுதாப் போச்சோ, வீட்டை வித்துப்போட்டு வேற இடம் பாக்கவோ" எண்டு. ஒரு பிள்ளை இப்பதான் கேரளாவில இருந்து ஒக்ஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவ, இரவு டியூட்டி முடிஞ்சு ஸ்ரேசனில இருந்து நடந்து வரலாமோ எண்டு கேட்டவ. அவவுக்குச் சொன்னதைத்தான் எல்லாருக்கும் கொஞ்சம் விரிவாச் சொல்லுறம்.

நாங்கள் 2011இல இந்தக் கடையைத் துவங்கேக்க ஊரில கிட்டத்தட்ட 25 ஆயிரம் சனம். 2021 கணக்கெடுப்பில அது 32 ஆயிரம். பவர் ஸ்ரேசனின்ர ஆறு கூலிங் ரவரில மூண்டை 2014இலயும் மிச்சத்தை 2019இலயும் விழுத்தினதை விடியவெள்ளன எழும்பிப் போய் நிண்டு பாத்த ஆக்கள் நாங்கள், இப்ப வீடுகளா இருக்கிற கிரேட் வெஸ்ரேர்ன் பார்க் வெறும் வயலாக் கிடந்ததும் தெரியும். சனம் கூடினா களவு எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும், அதைக் கண்டு ஊர் கெட்டுப்போச்சு எண்டு சொல்லேலாது. 1000 பேருக்கு எத்தினை குற்றம் எண்டு பாக்கிறதுதான் முறை எண்டு சொல்லுவினம், அதுவும் சின்ன ஊருக்குச் சரிவராது, ஏனெண்டா அந்தக் கணக்கு இரவு இங்க படுக்கிற ஆக்களாலதான் பிரிக்கும், சுத்துவட்டாரத்துக் கிராமமெல்லாம் ஒர்ச்சர்ட் சென்ரர் கடைத்தொகுதிக்கு சாமான் வாங்க வருது, ஸ்ரேசனால ஒரு நாளைக்கு எத்தினையோ ஆயிரம் பேர் வந்து போகினம், அவையின்ர சைக்கிள் களவு போனாலும் அவையே களவெடுத்தாலும் எல்லாம் எங்கட ஊர்க் கணக்கில.

பொலிஸ் டொட் யூகே எண்ட தளத்தில உங்கட போஸ்ட்கோட்டை அடிச்சா அங்க நடந்த குற்றங்களை மாதாமாதம் வரைபடத்தில புள்ளி புள்ளியாக் காட்டும், வீடு வாங்கிற எல்லாரும் அதைத்தான் பாக்கினம். அதில ரெண்டு விசயம் விளங்கிப் பாக்கவேணும். ஒண்டு, புள்ளி சரியா அந்த வீட்டில இராது, ஆக்களின்ர விவரம் வெளிய தெரியக்கூடாது எண்டு பக்கத்தில இருக்கிற ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தித்தான் போடுவினம், ஆகவே உங்கட தெருவில ஆறு புள்ளி எண்டா உங்கட தெருவில ஆறு களவு எண்டு அர்த்தமில்லை. மற்றது, வன்முறையும் பாலியல் குற்றமும் எண்டு ஒரு பிரிவு இருக்கும், அதுதான் அநேகமான ஊர்களில பெரிய தொகை, பாத்தவுடன நெஞ்சு திக்கெண்டும். அதுக்குள்ள தெருச் சண்டை மட்டுமில்லை, போனில மிரட்டி மெசேஜ் அனுப்பினது, பின்தொடர்ந்து தொல்லை குடுத்தது, வீட்டுக்குள்ள மனிசன் மனிசிக்கு அடிச்சது எல்லாம் சேர்ந்துதான் வரும். இருட்டில நடக்கப் பயப்பிடுற சனம் வீட்டுக்குள்ள நடக்கிறதைப் பற்றிக் கதைக்கிறது குறைவு. எங்கட ஆக்களுக்குள்ளயும் இது இருக்கு, எங்களுக்குத் தெரியும், கடைக்கு வாற முகங்களைப் பாத்தே தெரியும். கதைக்க ஏலாத நிலைமையில அவசர நம்பர் 999 அடிச்சா, மொபைலில எண்டா, 55 ஐ அமத்தச் சொல்லும், அமத்தினா பொலிசுக்கு மாத்திவிடும், வாயே திறக்கத் தேவையில்லை. எங்க நிக்கிறியள் எண்டு அது தானாக் காட்டிக்குடுக்காது, அதைமட்டும் நினைவில வைச்சிருங்கோ. வீட்டு வன்முறைக்கெண்டு 24 மணித்தியாலமும் இருக்கிற இலவச நம்பர் 0808 2000 247. அதுவும் ஏலாதெண்டா கடைக்கு வந்து அக்காவிட்ட ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், மிச்சத்தை அவ பாப்பா.

நாடு முழுக்க எடுத்துப் பாத்தா, பொலிசிட்டச் சொன்னதோ சொல்லாததோ எல்லாத்தையும் வீடு வீடாக் கேட்டு எடுக்கிற குற்ற சர்வே ஒண்டு 1980களில இருந்து நடக்குது, அதின்படி 1995இலதான் உச்சம், வருசத்துக்குக் கிட்டத்தட்ட 2 கோடி. அதே வகைக் குற்றங்கள் இப்ப அதில மூண்டில ஒரு பங்குக்கும் குறைவு. கூடினது எது தெரியுமோ, கடைக் களவும் போனில ஏமாத்துறதும்தான். 2025 மார்ச்சோட முடிஞ்ச வருசத்தில இங்கிலாந்திலயும் வேல்சிலயும் பொலிசில பதிஞ்ச கடைக் களவு மட்டும் 5 லட்சத்து 30 ஆயிரம், இப்ப இருக்கிற முறையில கணக்கெடுக்கத் துவங்கின 2003க்குப் பிறகு இவ்வளவு வந்ததில்லை. ஆகவே எங்கட கடையில நடந்தது டிட்கொட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

இப்ப நாங்கள் விட்ட பிழையைச் சொல்லவேணும், இந்தக் கடிதமே அதுக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்த பொலிஸ்காரப் பிள்ளை ஆறுதலா இருந்து கேட்டவ, இதுக்கு முதல் எப்பவாவது நடந்ததோ எண்டு. எங்கட கொப்பியை எடுத்துப் புரட்டினா சித்திரையில இருந்து 11 தரம். 11 தரத்தில நாங்கள் சொன்னது ஒரேயொரு தரம். "சொல்லி என்ன நடக்கப்போகுது, 30 பவுண் சாமானுக்கு ஆர் வரப்போகினம்" எண்டு விட்டுட்டம். அவ எங்கட தெருவின்ர பதிவை எடுத்துப் பாத்தா அதிலயும் ஒண்டுதான் இருக்கு. எங்க றோந்து போறது எண்டு முடிவெடுக்கிற ஆக்களின்ர கண்ணுக்கு எங்கட தெரு ஒரு கரைச்சலும் இல்லாத தெரு! அந்தப் பத்தையும் சொல்லியிருந்தா ஒருவேளை அந்தப் பெடியன் விழுந்திருக்க மாட்டான் எண்டு ரெண்டு நாளா நித்திரை வரேல்லை.

அதால இனி ஒவ்வொண்டையும் சொல்லுறம், 2 பவுண் சொக்லட் எண்டாலும். உங்களிட்டயும் அதைத்தான் கேக்கிறம். சைக்கிள் போனாலும், கார்க் கண்ணாடி உடைஞ்சாலும், ஸ்ரேசனில ஆரும் பின்னால வந்து தொல்லை குடுத்தாலும் சொல்லுங்கோ. இப்ப நடந்துகொண்டிருக்கு, ஆபத்து எண்டா 999. முடிஞ்சுபோச்சு எண்டா 101, இல்லாட்டி எங்கட பகுதிக்குப் பொறுப்பான தேம்ஸ் வெலி பொலிசின்ர தளத்தில எழுதலாம், ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் தருவினம், இன்சூரன்சுக்கும் அது வேணும். ரெயினிலயோ ஸ்ரேசனிலயோ எண்டா ரெயில் பொலிசின்ர 61016க்கு மெசேஜ் போட்டாப் போதும். பேர் சொல்லப் பயமெண்டா கிரைம்ஸ்ரொப்பேர்ஸ் எண்ட அமைப்பின்ர நம்பர் 0800 555 111, பேர் கேக்கமாட்டினம். இங்கிலீஸ் ஓடேல்லை எண்டாத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ, இல்லாட்டி கடைக்கு வாங்கோ, பக்கத்தில இருந்து நிரப்பித் தாறம்.

கமராவில விழுந்த அந்த ரெண்டு பேரின்ர படத்தை ஏன் குறூப்பில போடேல்லை எண்டு சிலபேர் கோவிச்சவை. படம் பொலிசிட்டக் குடுத்தாச்சு, பக்கத்துக் கடைக்காரருக்கும் காட்டியாச்சு. எல்லாருக்கும் பரப்பினா டேட்டா சட்டப்படி எங்களுக்கே பிரச்சினை வரலாம், அதைவிட முக்கியம், முகத்தைப் பாத்து ஆள் மாறி வேற ஒரு பிள்ளையை ஆரும் மறிச்சா அந்தப் பாவம் எங்கட தலையில. அதேபோல இனி கடையில வேலை செய்யிற ஒருத்தரும் கள்ளரை மறிக்கக்கூடாது, துரத்தக்கூடாது, கதவை விட்டு விலகி நிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டம். நீங்களும் சாமான் வாங்க நிக்கேக்க அப்பிடி நடந்தா தயவுசெய்து நடுவில போகாதேங்கோ. நெய் திரும்ப வரும்.

இனிப் போன் கள்ளர். நாட்டில நடக்கிற குற்றத்தில கிட்டத்தட்டப் பத்தில நாலு ஏமாத்துதான், வீடு உடைக்கிறதை விட உங்கட வீட்டுக்கு முதல் வாறது இதுதான். விசா பாக்கிற அரசாங்க அமைச்சான ஹோம் ஒபிசில இருந்து எடுக்கிறம், விசாவில பிழை இருக்கு, இப்ப காசு கட்டாட்டி பிடிச்சு அனுப்புவம் எண்டு மிரட்டி எங்கட வாடிக்கைப் பொடியன் ஒருத்தனிட்ட 1,800 பவுண் எடுத்துப்போட்டினம், வெக்கத்தில மூண்டு கிழமை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஹோம் ஒபிஸ் போனில காசு கேக்காது, பொலிஸ் உங்கட காசைப் பாதுகாப்பான கணக்குக்கு மாத்தச் சொல்லாது, பாங்க் உங்கட கார்ட்டை வாங்க ஆள் அனுப்பாது. போனை வைச்சிட்டு 159 அடிச்சா உங்கட பாங்குக்கே போகும், அநேகமான பெரிய பாங்குகள் அதில இருக்கு. காசு போயிட்டுதெண்டாலும் உடன சொல்லுங்கோ, 2024 ஒக்டோபர் 7ந் திகதியில இருந்து, ஏமாத்தி பாங்க் கணக்குக்கு மாத்த வைச்ச காசை 85 ஆயிரம் பவுண் வரைக்கும் பாங்க் திருப்பித் தரவேணும் எண்டு விதி வந்திருக்கு. நிபந்தனைகள் இருக்கு, பிந்தினா கஷ்டம்.

நகை. இதை எத்தினை தரம் சொன்னாலும் காணாது. தெற்காசிய ஆக்களின்ர வீட்டில தங்கம் இருக்கும் எண்டு கள்ளருக்கு நல்லாத் தெரியும், 2013இல இருந்து அஞ்சு வருசத்தில 14 கோடி பவுண் பெறுமதியான இப்பிடியான நகை களவு போனதா 2019இல பிபிசி எடுத்த கணக்குச் சொல்லுது. அரிசி வாளிக்குள்ளயும் சாமி அறையிலயும் வைக்கிறது அவைக்கும் தெரிஞ்ச இடம். சாமத்திய வீட்டுக்கு ஹோல் போட்ட திகதி, இடம், நகை போட்ட படம் எல்லாத்தையும் ஒண்டா ஃபேஸ்புக்கில போட்டா அண்டைக்கு வீட்டில ஆள் இல்லை எண்டு நாங்களே அறிவிச்ச மாதிரி. இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து ஒரு பொருளுக்கு எவ்வளவு வரைக்கும் தருவினம் எண்டு பாருங்கோ, தாலிக்கொடி பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு மேல போயிடும், தனியாப் பேர் சொல்லிப் பதியாட்டி வராது. ஒவ்வொரு நகையையும் அடிமட்டம் வைச்சுப் படமெடுத்து வையுங்கோ.

இன்னொண்டு, இந்தியாவில இருந்து புதுசா வாற பிள்ளைகளுக்கு முக்கியமாச் சொல்லவேணும். அங்க கைப்பையில வைச்சிருக்கிற பெப்பர் ஸ்பிரே இங்க 1968 ஃபயர்ஆர்ம்ஸ் சட்டப்படி தடைசெய்த ஆயுதம், வைச்சிருந்தாலே குற்றம், தற்காப்புக்கு எண்டு சொன்னாலும் எடுபடாது. ஊரில அம்மா பாசத்தில வைச்சு அனுப்பியிருப்பா, பொலிசில ஒப்படைச்சிடுங்கோ. சத்தம் போடுற அலார்ம் வைச்சிருக்கலாம், அது சட்டத்துக்கு உட்பட்டது, கடையில வாங்கின விலைக்கே வைச்சிருக்கிறம்.

அந்த நர்ஸ் பிள்ளைக்குச் சொன்னது: ஓம், நடக்கலாம், பிரோட்வே எண்ட பெரிய றோட்டு வழியா, வெளிச்சம் இருக்கிற பக்கம், ஒரு காதில ஹெட்போன் இல்லாமல். ரெயில் பாதைக்கு மற்றப் பக்கம் இருக்கிற லேடிகுரோவ் குடியிருப்புப் பக்கம் போறதெண்டா ரெயில் பாதைக்குக் கீழால போற சுரங்கத்தால தனியாப் போறதை இரவில தவிர்க்கலாம். மார்கழியில நாலு மணிக்கே இருட்டிப்போகும், அதனால ஆரும் தனிய வாறதுக்கு யோசிச்சா கடை வாசலில நிண்டு இன்னொரு ஆளைப் பாத்துச் சேர்ந்து போங்கோ, 8 மணிக்குக் கடை பூட்டினாலும் ஒன்பதரை வரைக்கும் நாங்கள் உள்ளுக்குக் கணக்குப் பாத்துக்கொண்டுதான் இருப்பம், கண்ணாடியில தட்டினாத் திறப்பம்.

தம்பி வாற சனிக்கிழமை திரும்ப வேலைக்கு வாறான், பகல் நேரம் மட்டும். கை எப்பிடி இருக்கு எண்டு கேளுங்கோ, சந்தோசப்படுவான். வீடியோ காட்டு எண்டு மட்டும் கேக்காதேங்கோ. கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வழமைபோல வியாழன் பின்னேரம் வரும்.

அன்போட,
கடை அண்ணையும் அக்காவும்