ஆங்கிலத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போ

அன்பு மகள் கயலுக்கு,

நீ ஜப்பானில் நகோயா நகரத்துக்குப் படிக்கப் போகிறாய், போனில் உன் அம்மாவோ மிக்ஸியையும் புளிக்காய்ச்சலையும் விட்டு நகரவே இல்லை. நடுவில் புகுந்து பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மிக்ஸி விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகுமே தவிர அரைக்காது. வேண்டிய பொடிகளை இங்கேயே அரைத்துக்கொண்டு போ. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய் எதையும் அம்மா பெட்டியில் வைக்க விடாதே. இலை தழை எதுவானாலும் அங்கே அரசுச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இனி நான் சொல்ல வந்த சங்கதி. நீ அனுப்பிய வகுப்பு நோட்டுப் படங்களைப் பார்த்தேன். ஜப்பானிய வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஆங்கில அர்த்தமும் போட்டு வைத்திருக்கிறாய். அதை இன்றோடு நிறுத்து. நீ தமிழ்ப் பிள்ளை. உனக்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கும்போது எதற்கு லண்டன் சுற்றிக்கொண்டு நகோயா போகிறாய்?

‘வதஷி வ அஷ்த தொமொதச்சி தொ எகி நி இகிமஸ்.’ இதை அப்படியே தமிழில் வை: நான் நாளைக்குத் தோழியோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ‘ஓடு’, ‘கு’ என்று நாம் வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற மாதிரியே அவர்கள் ‘தொ’, ‘நி’ என்று ஒட்டுகிறார்கள். கேள்வி கேட்க நாம் கடைசியில் ‘ஆ’ போடுவோம், அவர்கள் ‘க’. ‘என்று சொன்னார்’ என்பதும் இந்த வரிசையில்தான் வரும். ஆங்கிலத்தில் யோசித்தால் வாக்கியத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கோக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் போயே போய்விடுவார்.

1996-இல் ஐச்சி மாகாணத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் அல்லவா, அங்கே லைனில் ஒரு வயதான ஃபோர்மேன். இடது கையில் எண்ணெய்த் துணி எப்போதும் சுற்றியிருக்கும். போல்ட்டை அளவாக முறுக்குகிற டார்க் ரெஞ்சை எடுத்து, போல்ட்டில் வைத்து, ‘க்ளிக்’ சத்தம் வந்ததும் நிறுத்தி, அதை என் பக்கம் நீட்டி, ‘யத்தெ மிதெ’ என்றார். செய்து பார். செய், பார் என்ற இரண்டு வினைகளை நாம் சேர்க்கிற மாதிரியேதான் சேர்க்கிறார்கள். சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், எழுதிப் பார், எல்லாம் அங்கே உண்டு. அன்றைக்குப் பிறகு நான் ஆங்கிலப் பாடக் குறிப்பைத் திறக்கவே இல்லை.

இதனால் இரண்டும் ஒரே குடும்பம் என்று யாரிடமும் வாதம் பண்ணாதே. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று நிறைய எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கியும்கூட இதே கட்டுமானம்தான். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம், பலன் கிடைத்தால் போதும்.

எழுத்திலும் அப்படித்தான். ஜப்பானிய எழுத்து வகைகளில் ஹிரகானா 46, கதகானா 46, இரண்டையும் கிளம்புவதற்கு முன் முடித்துவிடு. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கோடு ஒட்டிப் போகிற வரிசை. இந்திய எழுத்துமுறை படித்த பௌத்தத் துறவிகள் வழியாகப் போனது. குறில் நெடில் பிசகினால் அங்கே ஆளே மாறிவிடும். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. ஆங்கில எழுத்தில் இது குழம்பும், தமிழில் எழுதினால் குழம்பாது. ஆனால் தமிழிலும் ஒரு மாதத்துக்கு மேல் எழுதாதே, ஹிரகானாவுக்குப் போய்விடு.

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு, அது கணக்கு. அவர்களுக்கு லட்சம் கிடையாது, பத்தாயிரம்தான் பெரிய அலகு, ‘மன்’ என்பார்கள். வீட்டு வாடகை ‘கொ மன்’ என்றால் ஐம்பதாயிரம் யென். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மன். கடைக்குப் போகும் முன் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகு.

இறங்கியதும் நகோயாவின் சென்ட்ரேர் விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை தருவார்கள். பகுதிநேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே கேட்டுவிடு. வாரத்துக்கு 28 மணி நேரம்தான், அதைத் தாண்டாதே. தங்கும் இடம் அமைந்த 14 நாளுக்குள் ‘குயக்ஷொ’ என்கிற வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீடும் அங்கேயேதான். அது இருந்தால் டாக்டர் செலவில் நீ கட்டுவது 30 சதவீதம். இருபது வயது ஆகிவிட்டதால் பென்ஷனிலும் சேர்ப்பார்கள், அன்றைக்கே மாணவர் சலுகைப் படிவத்தைக் கேட்டு வாங்கு.

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் ஒரே எண், 119. எடுத்தவுடன் ‘கஜி தெஸ் க, க்யூக்யூ தெஸ் க’ என்பார்கள். தீயா, ஆம்புலன்ஸா என்று அர்த்தம். பதற்றத்தில் இலக்கணம் வராது, அதனால் இந்த ஒரு வரியைத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள். போலீஸ் 110.

குப்பை விஷயத்தில் நகோயாக்காரர்கள் கறார். காரணம் உண்டு. ஃபுஜிமாயே என்ற சேற்றுநிலத்தில் பறவைகள் வந்து இறங்கும். அதைக் குப்பை கொட்டி நிரப்ப நகராட்சி திட்டம் போட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்து 1999-இல் கைவிட்டார்கள். அந்த பிப்ரவரியிலேயே ‘குப்பை நெருக்கடி நிலை’ அறிவித்து, ஊர் முழுக்கத் தரம் பிரிக்கப் பழகியது. 2002-இல் அந்தச் சேற்றுநிலம் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பட்டம். நம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அந்தப் பட்டம் 2022-இல் கிடைத்தது, பெருங்குடிக் குப்பைமேடு பக்கத்திலேயே நிற்க! சரி, அதை விடு. மாநகராட்சிப் பை கடைகளில் கிடைக்கும். எந்தக் கிழமை எந்தப் பை என்ற அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டு.

சாப்பாட்டில் உனக்கு அவ்வளவு கஷ்டம் இருக்காது. ஆனால் புரட்டாசி சனிக்கிழமை பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்: காய்கறி மட்டும்தான் என்று தருகிற உதோன் நூடுல்ஸ் சாறிலும் காய்ந்த மீன் சீவல் இறங்கியிருக்கும். அந்த ஊர்க் கிஷிமென் தட்டை நூடுல்ஸ் மேலே அது கண்ணுக்குத் தெரியவே நெளிந்துகொண்டிருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

எனக்குப் பயம் ஒன்றில்தான். வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் ஒரே விடுதியில் சேர்ந்து, ஆங்கிலத்திலேயே சிரித்து, ஆங்கிலத்திலேயே ஊர் சுற்றி ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். அவர்களோடு பழகு, வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே, தினமும் வாய் திறந்தே ஆக வேண்டிய இடம் ஒன்றைப் பிடித்துக்கொள். ரொட்டிக் கடை வேலையோ, அக்கம்பக்கத்துப் பாட்டிகள் வருகிற சமையல் வகுப்போ, எதுவானாலும் சரி. எங்களோடு வீடியோ காலும் வாரத்துக்கு இரண்டு போதும். அம்மாவை நான் சமாளிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தைராய்டு மாத்திரையை வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிவிடாதே. டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாத அளவுக்குத்தான் அப்படியே விடுவார்கள். கூடுதலாக வேண்டுமென்றால் ‘யுன்யூ ககுனின்ஷோ’ என்ற அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சளி மாத்திரை அட்டையில் ‘சூடோஎபிட்ரின்’ என்று இருந்தால் அதை இங்கேயே வைத்துவிட்டுப் போ. பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை.