புள்ளி வைப்பது ஸ்டேஷன் ரைட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றங்களை வரைபடத்தில் குறித்து ஆராயும் முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1994-ல் நியூயார்க் காவல்துறை தொடங்கிய, குற்றக் கணக்கை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் காம்ஸ்டாட் முறை பற்றியெல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் வரைபடத்துக்குப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தொடவே இல்லை. பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக, அதாவது காவல் நிலையத்தில் வழக்கு விவரங்களை எழுதிப் பதிபவனாக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். படிவத்தில் சம்பவ இடத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், அப்புறம் முகவரி. 'தெற்கே 2 கி.மீ., பைபாஸ் அருகில்' என்று எழுதினாலே வழக்கு நடந்துவிடும். சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதும் பார்வை மகஜரும், அந்த இடத்தைக் கையால் வரையும் மாதிரி வரைபடமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கணினி இதை வைத்துக்கொண்டு எங்கே புள்ளி வைக்கும்? 2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் இணைய வரைபடத்தில், நகரமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குற்றங்கள் குவிந்து கிடந்தன. முகவரி பிடிபடாததையெல்லாம் மென்பொருள் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது! பத்திரிகைக்காரர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை சி.எஸ்.ஆர்., அதாவது வழக்காகப் பதியாமல் மனுவை மட்டும் குறித்துக்கொள்ளும் பதிவேடு. செல்போனைப் பறித்துவிட்டார்கள் என்று வருகிறவரிடம் 'தொலைந்துவிட்டது' என்று எழுதி வாங்கிக்கொண்டு மனு ரசீது கொடுத்து அனுப்புவது எல்லோரும் அறிந்ததுதான். எஃப்.ஐ.ஆர். ஆகாதது குற்றக் கணக்கில் ஏறாது. ஆக, பறிப்பு நடக்கும் தெரு வரைபடத்தில் சுத்தமாக இருக்கும். தயங்காமல் வழக்குப் பதிகிற நிலையத்தின் எல்லை சிவந்து கிடக்கும். மேலதிகாரிகள் குற்றக் கணக்கை ஆராயும் கிரைம் மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்கப்படுபவர் அந்த இன்ஸ்பெக்டர்தான். அடுத்த மாதம் அவர் என்ன செய்வார் என்று துறையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டப் பெரிய குற்றத்தைச் சின்னதாகப் பதிகிறார்கள் என்ற புகார் நியூயார்க்கிலும் எழுந்ததே.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்தன என்று 1989-ல் வெளியான ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆய்வைச் செய்தவர்கள் கணக்கில் எடுத்தது பதிவான வழக்குகளை அல்ல, காவல்துறைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை. நம் ஊரிலும் 100, 112-க்கு வரும் அழைப்புகளையும் சி.எஸ்.ஆர். மனுக்களையும் தனி நிறத்தில் வரைபடத்தில் ஏற்றலாம். மகஜர் எழுதப் போகிறவர் செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. மென்பொருளுக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்