ஆண்களின் ஓட்டு யாருக்கு என்று ஏன் கேட்பதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஆராய்ந்து தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குடும்பத் தலைவிகளுக்கான மாதம் 1,000 ரூபாய், கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், மதுக்கடை ஆகிய மூன்றையும் கொண்டே பெண்களின் மனத்தை அளந்துவிடலாம் என்பது கட்டுரையாளரின் முடிவு. அவை பெண்களுக்கு முக்கியமானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஆண்களின் ஓட்டு எதனால் எங்கே விழுகிறது என்ற கேள்வி அந்த நெடிய கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பெண் என்றால் ஓர் அடையாளம், ஆண் என்றால் வெறும் வாக்காளர் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

இதைப் பணியிடத்திலேயே பார்த்தவள் நான். பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி செய்திருக்கிறேன். வாக்காளரின் பெயரையும் வரிசை எண்ணையும் கட்சி ஏஜெண்டுகளின் காதில் விழும்படி உரக்கப் படித்து, பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் கோடிடுவது முதல் அலுவலரின் வேலை. ஆண் வாக்காளராயின் கோடு போதும். பெண்ணாயின் கோட்டுடன் இன்னுமோர் அடையாளமும் இட வேண்டும். எத்தனை பெண்கள் வாக்களித்தனர் என்று கணக்கெடுக்க அது தேவை என்பது எனக்குத் தெரியும். எனினும், எது இயல்பு, எது தனிக்குறிப்பு என்பதை அந்தத் தாள் சொல்லிவிடுவதாகவே எனக்குத் தோன்றும்.

நாட்டின் முதல் பொதுத்தேர்தலின்போது, 1951–52இல், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே அவர்கள் பதிந்திருந்ததே காரணம். அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். சென்னை மாகாணமோ 1921இலேயே, சொத்துத் தகுதியின் வரம்புக்குள்தான் என்றாலும், பெண்களுக்கு ஓட்டுரிமை அளித்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து அதன் துணைத் தலைவராகவும் ஆனார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தை வழங்கியதும் 1938 நவம்பரில் இதே சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, பெண்களுக்கு அரசியலில் நாட்டமில்லை, வீட்டில் சொல்வதைக் கேட்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று பேசுவது எப்படிப் பொருந்தும்?

2019 ஏப்ரல் 18ஆம் நாள் மக்களவைத் தேர்தல். சென்னையில் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கு லாரியை நம்பியிருந்த கோடைக்காலம் அது. எனக்கு வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பணி. நண்பகலில் பெண்கள் வரிசையும் ஆண்கள் வரிசையும் சம நீளத்தில் நின்றன. தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் பெண்கள் வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். "லாரி வந்துச்சுக்கா, நாலு கொடம் புடிச்சிட்டு ஓடியாந்துடறேன், எடத்தப் பாத்துக்கோ" என்று ஒருத்தி பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டுப் போனது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. ஆண்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த ஹாரன் தங்களுக்கானது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள். விரலில் மை வைக்கப் போனால் கை ஈரம். துடைக்கலாமென்றால் முந்தானையும் நனைந்திருந்தது. பக்கத்திலிருந்த அலுவலர் தம் கைக்குட்டையைக் கொடுத்தார். ஓடிப்போனவர்களில் ஐந்து பேர் திரும்பி வந்ததைக் கண்டேன். மற்றவர்கள் மாலை வரை வரவில்லை. வாக்களிக்காதோர் எண்ணிக்கையில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அதைப் பார்ப்பவர், ஆர்வமில்லாதவர்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஆகவே, பெண்களின் அரசியல் நடத்தை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வீட்டில் யாருக்கு எந்த வேலை என்று பிரித்து வைத்திருப்பதிலிருந்து வருகிறது. தண்ணீர் பிடிப்பவள் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாள். ரேஷன் கடையில் நிற்பவள் அரிசியின் தரத்தைக் கேட்கிறாள். குடித்துவிட்டு வருபவனுக்குக் கதவைத் திறப்பவள் மதுக்கடையை மூடச் சொல்கிறாள். இவற்றையெல்லாம் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டு, மேடையில் முழங்குவதை மட்டும் அரசியல் என்கிறோம். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உயரும்போதும், விவசாயக் கடன் தள்ளுபடியாகும்போதும், ஆண்களின் ஓட்டை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று எவரும் எழுதுவதில்லை. 1,000 ரூபாய் மட்டும் இலவசம் என்றும் பெண்களைக் கவரும் உத்தி என்றும் பேசப்படுகிறது. ஊதியமே இல்லாமல் ஆயுள் முழுவதும் வீட்டு வேலை செய்தவளுக்கு அது எத்தனை சிறிய தொகை என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி ஆண்களுக்கு வருவோம். மாலையில் டீக்கடையில் நின்று ஒரு மணி நேரம் அரசியல் பேச ஓர் ஆணுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கொடிக்கம்பம் நடுவதும், பைக் பேரணியில் போவதும், தலைவருக்காகக் கைதாகி மண்டபத்தில் இருந்துவிட்டு வருவதும் அவனுக்கு ஆண்மையின் அடையாளங்கள்; தெருவில் மரியாதையையும் பெற்றுத் தருபவை. கட்சியை விட்டு விலகினால் நண்பர்கள் வட்டமே போய்விடும் என்பதால், மனம் மாறிய பிறகும் பழைய சின்னத்துக்கே ஓட்டுப் போடும் ஆண்களை எங்கள் தெருவிலேயே அறிவேன். இது அடையாளத்தால் விழும் ஓட்டு இல்லையா? எல்லாக் கட்சியிலும் மகளிர் அணி இருக்கிறது. ஆடவர் அணி என்று ஒன்று எங்கும் இல்லை. கட்சியே ஆடவர் அணியாக இருப்பதால் அதற்கு அவசியம் நேரவில்லை. பகுதிச் செயலாளர், வட்டச் செயலாளர் பட்டியல்களைப் பார்த்தால் இது விளங்கும். 2021 தேர்தலில் தமிழகத்தில் பெண் வாக்காளர்கள் சுமார் 3.19 கோடி, ஆண்கள் சுமார் 3.09 கோடி, ஆயினும் 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர் மட்டுமே.

மாநகராட்சியில் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 2022இல் 200 வார்டுகளில் பாதிக்கு மேல் பெண்கள் வந்தார்கள்; பட்டியலினப் பெண் ஒருவர் முதன்முறையாகச் சென்னையின் மேயரானார். கழிவுநீர் அடைப்பு தொடர்பாகப் புதிய கவுன்சிலர் ஒருவரைப் பார்க்க நான் போனபோது, நாற்காலியில் இருந்த அவருடைய கணவர், "சொல்லுங்கம்மா, நான்தான்" என்றார். எத்தனையோ பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு, வார்டு மக்கள் தங்கள் பகுதிக் குறைகளை நேரில் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் ஒன்றில், குடிநீர் வாரிய அதிகாரி எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னபோது, அதே கவுன்சிலர் எழுந்து, எந்தத் தெருவில் எந்த மேன்ஹோல் எத்தனை மணிக்குப் பொங்குகிறது என்று தாளைப் பார்க்காமல் சொன்னார். அவர் வீட்டு வாசலில்தான் அது பொங்குகிறது. தினமும் கழுவிவிடுபவரும் அவர்தான். கணவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார்.

திருநங்கையரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008இல் நாட்டிலேயே முதலாவதாக அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு; 2022இல் வேலூர் மாநகராட்சிக்குத் திருநங்கை ஒருவர் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் வாக்குச்சாவடியில் இரண்டு வரிசைகள்தாம். ஒரு தேர்தலில், இரண்டு வரிசையிலும் சேராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்த ஒருவரை நான் பார்த்தேன். கூட்டம் குறைந்த பிறகு உள்ளே வந்தார். அட்டையில் பழைய பெயரும் பழைய படமும் இருந்தன. ஏஜெண்ட் ஒருவர் ஆட்சேபம் தெரிவிக்க, சாவடித் தலைமை அலுவலர் விசாரித்து அனுமதித்தார். அந்தப் பழைய பெயரை உரக்கப் படிக்க வேண்டியவளாக நான் இருந்தேன். அவர் தலை குனிந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தேர்தல் ஆய்வுகளில் பெண்களிடம் கேட்கும் கேள்விகளையெல்லாம் ஆண்களிடமும் கேட்டு வெளியிடுங்கள். வீட்டில் யார் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்தே. பெண் கவுன்சிலர்களைப் பேட்டி காணும் செய்தியாளர்கள் கணவரின் கைப்பேசி எண்ணுக்கு அழைக்காமல் அவர்களை நேரில் சந்தித்து எழுதட்டும். பகுதி சபைக் கூட்டங்கள் எந்த நேரத்தில் நடக்கின்றன, அவற்றில் எத்தனை பெண்கள் பேசினார்கள் என்பதை வார்டு வாரியாகத் தங்கள் சென்னைப் பதிப்பில் தொடர்ந்து வெளியிட்டால், அடுப்பு எரியும் நேரத்தில் கூட்டம் வைக்கும் வழக்கத்தை மாற்றும்படி எங்களைப் போன்றவர்கள் மண்டல அலுவலகத்தில் ஆதாரத்தோடு கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.