மான் வரட்டும் என்று மரம் வளர்க்கிறார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். குளிர் இன்னும் ஆரம்பிக்கவில்லை, கவலைப்படாதே. இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டு, சிரிப்பார். கடையத்தில் பன்றியும் மிளா மானும் வயலில் இறங்கிவிடக் கூடாது என்று ராத்திரி முழுக்க டார்ச்சும் வெடியுமாகக் காவல் கிடக்கிறவர் அவர். இங்கே அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில், எங்கள் வீட்டுக்காரத் தாத்தா மான் வரவேண்டும் என்று காசு கொடுத்துக் கன்று வாங்கி மரம் வளர்க்கிறார்.

பாசத்தில் இல்லை, வேட்டைக்குத்தான். மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்து, அதைத் தின்ன வரும் மானைச் சுடுவது இந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ஆனால் மரம் தானாகப் பழத்தை உதிர்த்தால் யார் என்ன சொல்ல முடியும்? வில் அம்பு சீசன் செப்டம்பர் 15-ல் தொடங்கும், துப்பாக்கிக்கு நவம்பர் நடுவில். தாத்தா வளர்ப்பது பெர்சிமன் என்கிற பழமரம். அதன் பழம் உதிர்வதும் சரியாக அந்த மாதங்களில்தான். இனிப்பு என்றால் மானுக்கு உயிர்.

கடையில் விற்கும் பெரிய ஜப்பான் பெர்சிமன் இல்லை, இது இந்த ஊர்க் காட்டு மரம். நீ பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாயே அந்த இலை, அதைத் தரும் மரத்துக்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சி. தம்பி கழுத்தில் தொங்கும் கருங்காலி மாலைக்கும் சொந்தம்தான், அது அசல் கருங்காலியாக இருந்தால். வயதான மரத்தின் பட்டை கருத்து, கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். பழம் எலுமிச்சை அளவுதான். காயில் கடித்தால் அவ்வளவுதான், துவர்ப்பில் நாக்கு மரத்து ரொம்ப நேரத்துக்குப் பேச வராது. தொட்டால் பிதுங்குகிற அளவுக்குக் கனிந்து, தோல் சுருங்கி, தானாக விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். அப்போது தேனும் பேரீச்சையும் கலந்த மாதிரி ஒரு ருசி. மானுக்கு மிச்சம் வைத்துத்தான் நானும் பொறுக்குகிறேன்.

இதில் ஒரு சிக்கல். நம் பனை மாதிரி இதிலும் ஆண் மரம், பெண் மரம் உண்டு, பெண்தான் காய்க்கும். லிக்கிங் என்ற ஊரில் அரசு நாற்றங்கால் இருக்கிறது, அங்கே கன்று மலிவு. ஆனால் ஆணா பெண்ணா என்பது பூக்கிறவரை தெரியாது, அதற்கே பல வருஷம் ஆகும். தாத்தாவுக்கு எழுபது தாண்டியாயிற்று, அவ்வளவு நாள் காத்திருக்க அவர் என்ன முட்டாளா? நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தில் பனிக்காலத்திலேயே குச்சி வெட்டி, ஈரக் காகிதம் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறார். (வீட்டுக்காரப் பாட்டிக்கு அதில் ஏக வருத்தம், வெண்ணெய் வைக்க இடமில்லையாம்.) ஏப்ரல் வாக்கில் நீரோட்டம் ஏறிப் பட்டை எளிதாக உரியும்போது, காட்டில் தானாக முளைத்த ஆண் மரத்தை இடுப்பளவில் அறுத்து ஒட்டுக் கட்டிவிடுகிறார். மூன்று நாலு வருஷத்தில் காய் வந்துவிடுமாம். மகரந்தத்துக்கு மட்டும் அங்கங்கே ஓர் ஆணை விட்டுவைப்பார்.

இதில் வேடிக்கை, ஒட்டுக் கட்டின கையோடு சுற்றிலும் கம்பி வலை போடுகிறார். எதற்கு? மானுக்குப் பயந்துதான்! இலையை அவ்வளவாகத் தின்னாது, ஆனால் இலையுதிர் காலத்தில் கிடாய் மான் கொம்பைத் தேய்த்து இளமரத்தின் பட்டையை உரித்துவிடும். வா வா என்று கூப்பிட்டு வாசலில் வேலி போட்ட கதை.

கொட்டையை நெடுக்கில் பிளந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு முளை தெரியும். அது ஸ்பூன் மாதிரி இருந்தால் பனி கொட்டும், முள்கரண்டி என்றால் மிதமான குளிர், கத்தி என்றால் காற்று அறுக்கும் என்று இங்கே பழைய ஆட்கள் ஜோசியம் பார்ப்பார்கள். நான் பிளந்ததில் ஸ்பூன் வந்தது. நம்பிக்கை இல்லைதான், ஆனாலும் நல்ல பூட்ஸ் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

போன சீசனில் தாத்தா மான் கறி கொடுத்தார். கொழுப்பே இல்லாத கறி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மிளகு போட்டு வறுத்தால்தான் வழிக்கு வருகிறது. அங்கே தெருவில் யாரிடமும் சொல்லிவைக்காதே, நம் ஊரில் மான் என்றாலே ஜெயில். இங்கே லைசென்ஸ் வாங்கித்தான் சுடுகிறார்கள்.

அப்புறம், மிளா கதையைச் சொன்னதிலிருந்து தாத்தா என்னை விடவில்லை. நம் மலையில் அது எந்தப் பழத்துக்கு இறங்கி வரும், நெல்லிக்காகவா, வேறு எதற்காகவாவதா என்று அப்பாவிடம் கேட்டு எழுது.

உன் மகன்